துணி கட்டிய காய்

சுரைக்கொடிக்குக் காலையில்தான் தண்ணீர் விட வேண்டும். மாலையில் விட்டால் இலையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். இதைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறுநாள் சாயங்காலம் ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாயால் சொல்லி யாரும் கேட்காததால்தான் பலகை வைக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா, இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லச் சொல்ல உங்கள் காவலர் எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். மண்வெட்டி என்பதை எல்லா இடத்திலும் "மன்வெட்டி" என்று எழுதியிருந்தார். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன். பாடப் புத்தகமும் பார்த்திருக்கிறேன், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளும் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுத்தாளில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடும். என் கையில் அப்படி ஒரு புள்ளியும் மாறியதில்லை. ஆகவே இதில் இருப்பதையெல்லாம் நீங்கள் நம்பலாம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதியை மீறியவர் டெய்லர், நான் அல்ல.

எங்கள் தோட்டம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. குப்பை கொட்டிக்கொண்டிருந்த நகராட்சி நிலம். அதைச் சுத்தம் செய்து, வரப்புப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கருவிக் கொட்டகை, மூலையில் எல்லோருக்கும் பொதுவான உரக்குழி, ஒரே ஒரு குழாய். ஆரம்பத்தில் அது தோட்டமாகவா இருந்தது? சந்தைக்கடை. ஒருவர் வளர்த்த தக்காளியை இன்னொருவர் பறித்துக்கொண்டு போவார். கேட்டால், "உங்களதா? நான் என்னதுன்னு நெனச்சேன்" என்பார். பஸ் டிரைவரும் அடுத்த பாத்திக்காரரும் குழாய்க்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவருக்கு இன்றைக்கும் புருவத்தில் தழும்பு இருக்கிறது.

நான்தான் உட்கார்ந்து விதிகளை எழுதினேன். எல்லோரையும் கூட்டிவைத்துப் படித்துக் காட்டினேன், யாரும் மறுக்கவில்லை. ஒரு தகரப் பலகையில் பெயின்டரைக் கொண்டு எழுதவைத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டோம். பெயின்டர் கடைப் பெயர்ப்பலகைகள் எழுதிப் பழகியவர். மேலே "விதிகள்" என்பதை ஆனை அளவுக்கு எழுதிவிட்டு, கீழே வரவர இடமில்லாமல் எழுத்தை நெருக்கிக்கொண்டே போனார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, நான் ஏணியில் ஏறி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் எனக்கு "பலகை" என்று பெயர். பலகை வர்றார், குழாயை மூடு என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தண்ணீர் வீணாகாமல் மிச்சமானால் சரி.

விதிகள் ஒன்றும் பெரிய சட்டமில்லை. குழாய் முறைவைத்துத்தான், சுரைக்குக் காலையில் மட்டும். அடுத்தவர் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. பொதுக் கருவியை எடுத்தால் கழுவித் துடைத்து அதற்குரிய ஆணியில் மாட்ட வேண்டும். உரக்குழியில் இலை தழை மட்டும் போடலாம், இறைச்சியும் எலும்பும் ஆகாது. விலங்குகளை உள்ளே கொண்டுவரக் கூடாது. வேலியில் கொடி ஏற்றக் கூடாது. கடைசியாக விதைக்காய் பற்றி ஒன்று. கொடியில் நல்ல காயாகப் பிஞ்சிலேயே பார்த்து விதைக்கென்று விட்டுவிடுவோம். அது முற்றிக் காய்ந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. மற்றவர்களுக்குத் தெரிவதற்காக அதன் காம்பில் ஒரு துணித்துண்டைக் கட்டுவோம். துணி கட்டிய காயைப் பறிக்கவும் தொடவும் கூடாது. இவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

இங்கே பாத்தி வைத்திருக்கும் நர்ஸுக்குத்தான் விலங்கு விதி பிடிக்கவில்லை. அவருடைய நாய் பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அவர் பின்னாலேயே வந்து ஈரமண்ணாகப் பார்த்துத் தோண்டிப் படுத்துக்கொள்ளும். "அது யாரை என்ன பண்ணுது சார், வாயில்லா ஜீவன்" என்றார். நான் பலகையைக் காட்டினேன். மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்தார், மறுபடியும் காட்டினேன். அப்புறம் அந்த நாய் வரவில்லை. எலிக்கு வைத்த மருந்தைத் தின்றுவிட்டது என்று நர்ஸ் தன் பாத்தியில் உட்கார்ந்து அழுதார். எங்கள் தோட்டத்தில் எலி கிடையாது.

என் பாத்தி கேட்டை ஒட்டியது, பலகைக்கு நேர் கீழே. அங்கே வேலியில் ஓர் அவரைக்கொடி இருந்தது. வேலியில் கொடி ஏற்றக் கூடாது என்று எழுதிவிட்டு நீரே ஏற்றியிருக்கிறீரே என்று நீங்கள் கேட்கலாம். டிரைவரும் கேட்டார். அது பலகை வருவதற்கு முன்பே ஏறிய கொடி. என் மனைவி ஊன்றியது. அதையும் ஒரு சுரைக்கொடியையும் ஊன்றிவிட்டுத்தான் அவள் மகள் வீட்டுக்குப் போனாள்.

அவள் ஏன் போனாள் என்று கேட்டீர்கள். வீட்டிலும் சில ஒழுங்குகள் இருந்தன. கதவை அறைந்து சாத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. ஒரு நாள் ஏதோ கோபத்தில் அறைந்து சாத்தினாள். எப்படிச் சாத்த வேண்டும் என்று நான் காட்டிக்கொடுத்தேன். காட்டும்போது அவள் கை நடுவில் இருந்தது. பல தடவை காட்ட வேண்டியிருந்தது. மணிக்கட்டு பிறகு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது மனைவி வாசலில் நின்று, "நீங்க உங்க பலகையோடயே குடித்தனம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அதை நான் கவனித்தேன்.

ஆனால் அவள் வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள். அவரை பூக்கிற சமயத்தில் வரும். நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டாள். "சுரை வெதைக்கு விட்டாச்சா? அவர பூத்துச்சா?" என்பாள். மகள் வீட்டு மாடியில் தொட்டி வைத்திருக்கிறாள், அதற்கு விதை வேண்டும். காய்ந்ததும் எடுத்துப் பொட்டலம் கட்டி டிரைவரிடம் கொடுத்துவிடுவேன், அவர் பஸ் அந்தப் பக்கம் போகும். அந்த இரண்டு கேள்விக்காகத்தான் நான் வருஷம் முழுக்கத் தண்ணீர் விட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. என்னிடமிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுரை விதை ஒன்றுதான். அது இருக்கும்வரை அவள் முழுக்கப் போய்விடவில்லை என்று வைத்திருந்தேன்.

இந்த வருஷம் கொடியில் நோய் விழுந்தது. நுனி கருகிப் பிஞ்சுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. தப்பியது ஒன்றே ஒன்று. அதற்குத் துணி கட்ட வேண்டும், நல்ல துணியாக வேண்டும் என்று டெய்லரைக் கேட்டேன், எதற்கென்று சொல்லவில்லை.

டெய்லர் இந்த வருஷம்தான் பாத்தி வாங்கினார். மார்க்கெட் மூலையில் ஒரு தையல் மிஷின் போடுகிற அளவுக்குக் கடை. தோட்டத்துக்கு வரும்போதும் துணி அளக்கும் இஞ்சி டேப் கழுத்தில் தொங்கும், கழற்றி வைக்க மறந்துவிடுவார். நாற்று நடும்போது அந்த டேப்பை வைத்து அளந்துதான் நடுவார். அப்படியும் வரிசை பாம்பு போனமாதிரி இருக்கும். டிரைவர் கேலி பண்ணுவார். "துணியில நேரா வெட்டறீங்க, இங்க மட்டும் ஏன் டெய்லரே இந்தக் கோணல்?" என்பார். "துணி சொன்னா கேக்கும் அண்ணே, மண்ணு கேக்க மாட்டேங்குது" என்று டெய்லர் சிரிப்பார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடிக்காமல் இல்லை. அவர் கொடுத்த துணி நீலக் கட்டம் போட்டது. "நூல் பிரியாம இருக்கட்டும்னு ஓரம் அடிச்சுட்டேன் சார்" என்றார். காயில் கட்டுகிற துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பார். தண்ணி எப்போ விடணும் சார், இந்தப் புழு நல்லதா கெட்டதா சார், வரப்புல உக்காரலாமா சார். ஒரு நாள் நான் சொன்னேன்: "எல்லாம் பலகையில இருக்கு. படிங்க. என்னைக் கேக்காதீங்க." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போய்ப் பலகை முன்னால் நின்று, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருக்குப் பள்ளிக்கூடப் படிப்புக் கம்மி. வெயிலில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "சார், அந்தக் கடைசி விதி..." என்று இழுத்தார். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "பலகையில என்ன போட்டிருக்கோ அதுதான்" என்றேன். "சரி சார்" என்று போய்விட்டார்.

சம்பவத்தன்று காலையில் நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வரும்போது உச்சி வெயில், ஒரு குருவி இல்லை. கொட்டகை நிழலில் டெய்லர் மட்டும் உட்கார்ந்திருந்தார், மடியில் டிபன் டப்பா.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றார்.

டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அன்போடு கொடுப்பதைத் தட்டக் கூடாது. இரண்டு வாய் சாப்பிட்டேன். பக்குவமாக இருந்தது, உப்பு காரம் அளவாக இருந்தது. நல்லாருக்கு, என்ன காய், எந்தப் பாத்தி என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? உங்க சுரைதான். காலையில பறிச்சு வீட்டுல குடுத்தேன், அவ உடனே செஞ்சுட்டா. உங்களக் காணோம், நாள் தள்ளினா முத்திப் போயிடுமேன்னு வரப்புல நின்னபடியே நானே பறிச்சேன்."

"அதுல துணி கட்டியிருந்துச்சே."

"ஆமா சார். அதப் பாத்துதான் பறிச்சேன். என் துணிதானே, தூரத்துலயே தெரிஞ்சுது."

"வெத?"

"வெத எங்க சார், எல்லாம் பிஞ்சு. அவ வழிச்சு எடுத்துட்டா. தோலையும் வெதையையும் கொண்டாந்து குழியில போட்டுட்டேன். இலை தழை மட்டும்னு போட்டிருக்கே, தோல் போடலாம்தானே சார்?"

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உரக்குழிக்குப் போனேன். மண்வெட்டியை எடுத்தது குழியைக் கிளறத்தான். அதை உங்கள் காவலர் தவறாக எழுதியிருக்கிறார். கிளறிப் பார்த்தேன். தோலுக்கு நடுவில் விதைகள் கிடந்தன, வெள்ளையாக, பச்சரிசி மாதிரி. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். தண்ணீர்தான் வந்தது. இன்னொன்றை அழுத்தினேன். அதிலும் தண்ணீர். முளைக்காத விதை எதற்கும் ஆகாது.

திரும்பி வந்தபோது அவர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"யார் பறிக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பலகையில போட்டிருக்கே சார். பறிக்கவும்னு."

"அப்படிப் போடல."

"போட்டிருக்கு சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு என்று அப்போது எடுத்துக்கொண்டேன். "வாங்க, காட்டறேன்" என்று எழுந்து கேட்டை நோக்கி எனக்கு முன்னால் நடந்தார்.

முதல் அடி மண்வெட்டியின் பின்பக்கத்தால், தலையின் பின்புறம். அவர் வரப்பில் முழங்காலிட்டு விழுந்தார். திரும்பி, "சார்" என்றார். வழக்கமாகச் சந்தேகம் கேட்பாரே, அதே குரல். அடுத்தது அதன் வெட்டுவாயால். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. இஞ்சி டேப் இரண்டு துண்டாகி ஒன்று வரப்பின் இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் விழுந்தது. அவர் கையை ஊன்றித் தவழப் பார்த்தார். தவழ்ந்த திசையில் நர்ஸின் பாத்தி, புதிதாக நட்ட நாற்று. அடுத்தவர் பாத்தியில் கால் வைக்கக் கூடாது, கையும் அப்படித்தான். காலைப் பிடித்து இழுத்துத் திரும்ப வரப்பில் போட்டேன். நர்ஸின் நாற்றில் ஒன்றுகூட மடியவில்லை, நீங்கள் போய்ப் பார்க்கலாம். அதன்பிறகு எத்தனை வெட்டு என்று கேட்டீர்கள். நான் எண்ணவில்லை. மண்வெட்டி மண்ணுக்கென்று செய்தது, எலும்பில் சறுக்குகிறது. ஒரு தடவை அவர் கையைத் தூக்கித் தடுத்தார், விரல்கள் போயின. தையல்காரருக்கு விரல் போவது கஷ்டம்தான் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லாமல் போனபிறகும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் வந்தது. அது நிற்கும்வரை நிறுத்தவில்லை. பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

உரக்குழி ஆழமாக, தோண்டியபடி, பக்கத்திலேயே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதில் தள்ளி மூடியிருப்பார்கள். இறைச்சியும் எலும்பும் ஆகாது என்பது நான் எழுதிய விதி. எனக்கென்று வரும்போது வளைக்க முடியுமா? அவர் பாத்தியிலேயே தோண்டினேன். கத்தரி நடுவதற்கு அவர் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று வைத்திருந்தார், அதனால் வேலை சுலபமாயிற்று. விரல்களைத் தேடி எடுத்து அவரோடு வைத்தேன். மேலே மண் போட்டு, அவர் தட்டில் வைத்திருந்த கத்தரி நாற்றுகளைக் கயிறு கட்டி நேராக நட்டேன். தண்ணீர் விடும்போது அவர் முறைக்கான தண்ணீரைத்தான் எடுத்தேன். வரப்பைக் கழுவி மண் தூவினேன். டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். மண்வெட்டியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி அதன் ஆணியில் மாட்டினேன். கொட்டகையில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மண்ணோடு மாட்டியிருந்தார்கள், இதையும் அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே போகும்போது கேட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அரிவாளை எடுத்துவந்து அவரைக்கொடியை வெட்டினேன். பூவும் பிஞ்சுமாக இருந்தது. துண்டு துண்டாக நறுக்கி உரக்குழியில் போட்டேன். இலை தழைக்குத் தடை இல்லை.

மறுநாள் காலை டெய்லரின் மனைவி வந்தார். ராத்திரி முழுக்கத் தேடியிருப்பார் போல, செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. "அண்ணா, இவர் இங்க வந்தாரா? நேத்து உங்களுக்குச் சாப்பாடு குடுக்கணும்னு எடுத்துட்டு வந்தார்" என்றார். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை என்றேன். டப்பாவைக் கொடுத்தேன். அவரவர் பொருள் அவரவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். "நல்லா இருந்துச்சா அண்ணா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அது பொய்யில்லை.

அன்றைக்குத்தான் என் மனைவியின் போன் வந்தது.

"சுரை வெதைக்கு விட்டாச்சா?" என்றாள். வழக்கமான கேள்வி. ஒரு வருஷமாகக் கேட்காத குரல்.

"ஒண்ணுதான் இருந்துச்சு. பக்கத்துப் பாத்தி டெய்லர் பறிச்சுட்டார்" என்றேன்.

மெதுவாகக் கேட்டாள்.

"அவர என்ன பண்ணீங்க?"

சுரைக்கு அடுத்து அவரை. எப்போதும் அந்த வரிசைதானே? என் கையில் இன்னும் அந்தப் பச்சை வாசனை போகவில்லை. அவள் ஊன்றிய கொடி, சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை.

"வெட்டிட்டேன்" என்றேன். "எல்லை மீறிப் போச்சு. துண்டு துண்டாக்கிக் குழியில போட்டாச்சு."

போன் வைக்கப்பட்டது. அவரை, கொடியென்றாலும் ஆளென்றாலும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் ஒன்றுதான். இதைப் பிழை என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். அவள் சரியாகப் பொருள் கொண்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டாள். என்னோடு வாழ்ந்தவள், ஆளைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் வந்து முதலில் உரக்குழியைக் கிளறினீர்கள். அதில் அவரைக்கொடிதான் இருந்தது. நான் சொல்லியிருப்பேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. டிரைவர்தான் டெய்லரின் பாத்தியைப் பார்த்தபடியே நின்றார். "மேடம், இது டெய்லர் நட்டது இல்ல. அவர் கைக்கு இவ்வளவு நேரா வராது" என்றார். சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் என் பக்கத்தில் வந்து, "அன்னிக்கு என் நாய்க்கும் நீங்கதான் வெச்சீங்களா சார்?" என்று கேட்டார். விலங்கு விதி பலகையில் இருக்கிறது என்றேன்.

கொலை செய்ததை ஒப்புக்கொள்கிறேன். யார் தூண்டுதலும் இல்லை. சுயநினைவோடு செய்தேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவரைக்கொடியை வெட்டும் முன் கேட்டில் நின்றேன் என்று எழுதினேன் அல்லவா, அப்போது பலகையைப் படித்தேன். ஏணியில் ஏறிப் பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் நான் அதைப் படித்ததே இல்லை. எழுதினவனுக்கு எதற்கு? கடைசி விதிக்கு வரும்போது பெயின்டருக்கு இடம் போதவில்லை, இரண்டு வரியாக மடக்கியிருந்தார். மேல்வரி: "துணி கட்டிய காயைப் பறிக்கவும்". கீழ்வரி: "தொடவும் கூடாது". அவரைக்கொடி வேலியிலிருந்து பலகையின் அடிப்பக்கம் ஏறிக் கீழ்வரியை முழுசாக மூடியிருந்தது. ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. "சார், உங்க அவர பலகை மேல ஏறுது" என்று டிரைவர் மழைக்கு முன்னாலேயே சொன்னார். என் பாத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

டெய்லர் விரல் வைத்துப் படித்தது மேல்வரியை. அதில் பறிக்கவும் என்றுதான் இருந்தது. அவ்வளவு மரியாதையாகப் பலகை கேட்டுக்கொண்டதால் பறித்தார். சந்தேகம் வந்து என்னிடமே வந்து கேட்கவும் கேட்டார். அந்தத் தோட்டத்தில் பலகை சொன்னதை அப்படியே செய்தவர் அவர் ஒருவர்தான். அதைக் காட்டத்தான் எனக்கு முன்னால் நடந்துபோனார். இரண்டு தடவை படித்துவிட்டு, யார் வந்து பார்த்தாலும் பலகை முழுசாகத் தெரியட்டும் என்று கொடியை வெட்டினேன். இப்போது போனால் இரண்டு வரியும் பளிச்சென்று தெரியும், பிழை ஒன்றும் இருக்காது.

விதியை மீறியவர் டெய்லர், நான் அல்ல என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். அப்படியே இருக்கட்டும்.